தற்காப்புக்கும் போட்டிக்கும்: ஜியு-ஜிட்சுவா, ஜூடோவா, மல்யுத்தமா? (33 வயசு, முழுக்கப் புதுசு)

புதுவரவு_33

வணக்கம் மக்களே. வயசு 33, நாள் முழுக்க உக்காந்து பாக்கற வேலை, சண்டைக்கலை எதுவும் கத்துக்கிட்டதில்ல. குத்து உதை இல்லாம பிடி போட்டு மடக்கற வகை ஏதாவது ஒண்ணு கத்துக்கணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்கு. காரணம் ரெண்டு. யாராவது சட்டையப் பிடிச்சா கை கால் விறைச்சுப்போய் நிக்கக் கூடாது, அது ஒண்ணு. ஜிம்முல தனியா இரும்பு தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு, எதிர்ல ஒரு ஆள் இருக்கற விளையாட்டு வேணும், முடிஞ்சா ஒரு போட்டியிலயாவது இறங்கிப் பாக்கணும், அது ரெண்டாவது.

போய்வர்ற தூரத்துல ஜியு-ஜிட்சு, ஜூடோ, மல்யுத்தம் மூணும் சொல்லித் தர்றாங்க. வீடியோ பாக்கப் பாக்க குழப்பம்தான் கூடுது. ஒருத்தர் ஜூடோதான் நிஜ சண்டைக்குன்றார், இன்னொருத்தர் எல்லா சண்டையும் கடைசியில தரைக்குத்தான் வரும்ன்றார், என் ஃப்ரெண்டு ஒருத்தன் தரையில விழுந்தாலே கதை முடிஞ்சுதுன்றான். எதுல சேரலாம்? இந்த வயசுல உடம்பு தாங்குமா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க.

தரைப்பிடி

ப்ரோ, வயசப் பத்தி யோசிக்கவே வேணாம். ஜியு-ஜிட்சு போட்டிகள்ல 30லேருந்து மாஸ்டர்னு தனிப் பிரிவே இருக்கு, அதுக்கு மேலயும் வயசு வாரியா பிரிச்சுக்கிட்டே போவாங்க.

எதுல சேர்றதுங்கறதுக்கு என் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. கலையோட பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, திமிர்ற ஆள் மேல பழக விடறாங்களான்னு மட்டும் பாருங்க. சொல்லிக் குடுக்கறப்ப எதிர்ல நிக்கறவர் கையத் தளர்வா நீட்டிக்கிட்டு நிப்பார், நாம மடக்குவோம், எல்லாமே வேலை செய்யற மாதிரி தெரியும். அதே ஆள்கிட்ட விட்டுக்குடுக்காம எதிர்த்து நில்லுங்கன்னு சொல்லிட்டு அதே பிடியப் போட்டுப் பாருங்க, பத்துல ஒண்ணு தேறாது. ஒண்ணு தேற ஆரம்பிச்சு அது ரெண்டாகி மூணாகறதுக்குப் பேர்தான் பயிற்சி, மத்ததெல்லாம் அதுக்கு முன்னேற்பாடு.

இது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல. 1882ல ஜிகோரோ கானோ டோக்கியோவுல கோடோகான்ங்கற ஜூடோ பள்ளிய ஆரம்பிச்சப்ப பழைய ஜுஜுட்சு பள்ளிகள்ல இருந்த வித்தைகளப் பிரிச்சு எடுத்தார். அடி, குத்து மாதிரி முழு வேகத்துல பழகினா ஆள் காயமாகிடுவாங்கன்னு இருந்தத கட்டாங்கற வரிசைப் பயிற்சிக்குள்ள வச்சுட்டார். தூக்கிப் போடறது, அமுக்கிப் பிடிக்கறது, கழுத்தப் பூட்டறது, முழங்கைய மடக்கறது, இதெல்லாம் ரெண்டு பேரும் முழு பலத்தோட மோதிப் பழகலாம், ஏன்னா முடியலன்னா எதிராளி மேலயோ தரையிலயோ கையால தட்டிடலாம், தட்டினா விட்டுடுவாங்க. அந்த மோதல் பயிற்சிக்குத்தான் ரண்டோரின்னு பேர். கேட்டா விசித்திரமா இருக்கும், ஆனா ஆபத்தான வித்தைய ஒதுக்கி வச்சதாலதான் இது நிஜத்துல வேலை செய்யற கலையா ஆச்சு. கண்ணுல விரல விடற வித்தைய யாரும் முழு பலத்தோட நூறு தடவ பழகிட முடியாது, கழுத்துப் பூட்ட பழகலாம்.

அந்த கோடோகான்ல பழகின மிட்சுயோ மயேடா 1914ல பிரேசில் போய்ச் சேர்ந்தார், அவர்கிட்ட கார்லோஸ் கிரேசி கத்துக்கிட்டார், கார்லோஸும் அவர் தம்பி ஹீலியோவும் தரைச் சண்டையத் தனியா வளர்த்து எடுத்ததுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. சாம்போங்கற ரஷ்ய மல்யுத்தக் கலைய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான வாசிலி ஓஷ்செப்கோவும் கோடோகான்ல பிளாக் பெல்ட் வாங்கினவர். ஜூடோவுக்கும் ஜியு-ஜிட்சுவுக்கும் ஒரே வேர்தான், அதனால எது ஒசத்தின்னு மண்டைய உடைச்சுக்காதீங்க.

நீங்க செய்ய வேண்டியது, மூணு இடத்துக்கும் போய் ஒரு ஓரமா உக்காந்து ஒரு கிளாஸ் முழுசா பாருங்க. கடைசி அரை மணி நேரமாவது ஜோடி ஜோடியா நிஜமா மோதறாங்களா? பெரிய ஆளு சின்ன ஆள நசுக்கறப்ப கோச் பாத்துக்கிட்டு நிக்கறாரா இல்ல நிறுத்தறாரா? தட்டின உடனே பிடி விடுபடுதா? பழைய ஆளுங்க புது ஆளுக்கு இடம் குடுத்து விளையாடறாங்களா? நாப்பது வயசுக்காரங்க, பொண்ணுங்க, ஒல்லியான ஆளுங்க பல வருஷமா தொடர்ந்து வந்துட்டு இருக்காங்களா? இருபது வயசுப் பசங்க மட்டும்தான் மிச்சம்னா அங்க மத்தவங்க எல்லாம் அடிபட்டு நின்னுட்டாங்கன்னு அர்த்தம்.

இப்போன்

தரைப்பிடி சொன்னதுல எனக்கும் சம்மதம், ஆனா ஒண்ணு சேர்த்துக்கறேன். சண்டை ஆரம்பிக்கறது நின்னுக்கிட்டுதான். சட்டையப் பிடிப்பான், தோளத் தள்ளுவான், கழுத்தச் சுத்திக் கை போடுவான். அந்தத் தூரத்துல, அந்தப் பிடியில தினமும் பழகறது ஜூடோக்காரங்க. எதிராளி எடைய எந்தக் கால்ல போடறார்னு சட்டக் காலர் வழியாவே கைக்குத் தெரிஞ்சிடும், பழகப் பழகத்தான் அது வரும்.

இன்னொண்ணு, விழக் கத்துக்கறது. ஜூடோவுல முதல் சில வாரம் போரடிக்கும், ஏன்னா விழறதுதான் பாடமே. தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், தலை தரையில படவே கூடாது, முதுகு வட்டமா இருக்கணும், உடம்பு தரையத் தொடற அதே நொடியில கைய உடம்புலேருந்து சாய்வா விரிச்சு உள்ளங்கையிலேருந்து முழங்கை வரைக்கும் பளார்னு அடிக்கணும், மூச்ச வெளிய விடணும். கைய ஊனித் தடுக்கப் பாக்கறதுதான் மனுஷனோட இயல்பு, மணிக்கட்டும் முழங்கையும் உடையறது அதனாலதான். அந்த இயல்ப மாத்தறதுக்குத்தான் இத்தனை வாரம். ஈரத் தரையில வழுக்கினாலும் பைக்லேருந்து சாஞ்சாலும் இதுதான் காப்பாத்தும், வாழ்க்கையில சண்டைய விட கீழ விழறதுதானே அதிகம் நடக்குது.

ஜூடோவுல குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். போட்டி விதியில 2010ல காலப் பிடிச்சுத் தூக்கறதக் கட்டுப்படுத்தி 2013ல மொத்தமா தடுத்துட்டாங்க, அதனால பல கிளப்புல கால் பிடியும் அதுக்குத் தடுப்பும் சொல்லித் தர்றதே இல்ல. தரையில போனா கொஞ்ச நேரத்துல முன்னேற்றம் இல்லன்னா நடுவர் எழுப்பி விட்டுடுவார். ஆனா நல்லா விழுந்து ஒரு இப்போன், அதாவது முழுப் புள்ளி, போனா ஆட்டமே காலி, அதனால நிக்கற சமநிலை மேல ஒரு பயம் கலந்த மரியாதை வந்துடும். ஜியு-ஜிட்சு கிளாஸ் பலதுல ரெண்டு பேரும் முட்டி போட்டு உக்காந்துக்கிட்டே ஆரம்பிக்கறாங்க, நிக்கறதப் பழகாம தற்காப்புன்னு எப்படிச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியல.

கிராஸ்ஃபேஸ்

மல்யுத்தம் பத்தி யாரும் பேசலயே. மேல யாரு கீழ யாருன்னு முடிவு பண்றது மல்யுத்தம்தான். கால் பிடி, இடுப்புப் பிடி, தள்ளு இழுப்புல தலைய எங்க வைக்கறது, எதிராளி காலுக்குப் பாயறப்ப ரெண்டு காலையும் பின்னால வீசி இடுப்பால அவர அமுக்கறது, இதுல மல்யுத்தக்காரன அடிச்சுக்க ஆள் இல்ல. தரையிலயே கிடக்க மாட்டாங்க, அமுக்கினா அடுத்த நொடி எந்திரிக்கப் பாப்பாங்க. தற்காப்புக்கு அதவிட வேற என்ன வேணும்.

ஆனா புதுவரவு நண்பருக்கு இத முதல்ல சொல்ல மாட்டேன். பெரியவங்களுக்குன்னு ஆரம்ப நிலை வகுப்பு பல இடத்துல இல்ல, சின்ன வயசுலேருந்து பழகின பசங்களோட நேரா மோதணும், இடுப்பும் முதுகும் ஒரு மாசத்துல கேள்வி கேக்க ஆரம்பிச்சிடும். பூட்டும் கழுத்துப் பிடியும் இதுல கிடையாது. அதோட முதுகு தரையில பட்டா தோல்விங்கறதால குப்புறப் படுத்துத் தப்பிக்கற பழக்கம் வந்துடும், வெளிய அது ரொம்ப ஆபத்து, முதுகுல ஏறிக் கழுத்தப் பிடிச்சா எதுவும் செய்ய முடியாது.

கேள்விக்குறி

எல்லாம் சரிங்க, எதிர்ல மூணு பேர் வந்தா? ஒருத்தன் கையில கத்தி இருந்தா? கட்டிப்புரண்டுட்டு இருக்கறப்ப இன்னொருத்தன் தலையில மிதிச்சா? ரோட்டுல மேட் விரிச்சு வச்சிருக்க மாட்டாங்க.

தரைப்பிடி

நியாயமான கேள்வி. மூணு பேர் வந்தா ஓடணும், கத்தி வந்தாலும் ஓடணும், பணம் போன் கேட்டா குடுத்துடணும். எந்தக் கலையும் இதுக்கு வேற பதில் வச்சிருக்குன்னு சொன்னா நம்பாதீங்க.

1993 நவம்பர்ல டென்வர்ல நடந்த முதல் யூஎஃப்சிங்கற கலப்புச் சண்டைப் போட்டியில ராய்ஸ் கிரேசி ஒரே ராத்திரியில மூணு பேர ஜெயிச்சதாலதான் உலகமே தரைச் சண்டையத் திரும்பிப் பாத்துச்சு. அது உண்மை, ஆனா அங்க ஒருத்தருக்கு ஒருத்தர், கூண்டு, கீழ மெத்து, ஆயுதம் இல்ல. அத அப்படியே தெருவுக்குத் தூக்கிட்டு வரக் கூடாது. தெருவுல முதுக தரையில வச்சுக்கிட்டு ஆற அமர வேலை பாக்க முடியாது. இப்போன் சொன்ன குறையும் சரிதான், நின்னு ஆரம்பிக்காத கிளாஸா இருந்தா கோச்கிட்ட கேளுங்க, இல்ல மாசத்துல சில நாள் ஜூடோ கிளப்புக்கும் போங்க.

அப்ப தரைச் சண்டை எதுக்குன்னா, நம்ம விருப்பம் கேட்டா கீழ தள்றாங்க? தள்ளி விட்டுட்டு மேல ஏறி உக்காந்தா அங்கேருந்து எந்திரிக்கத் தெரியணும். தெரியாத ஆள் பதட்டத்துல ரெண்டு கையாலயும் மேல இருக்கறவன் நெஞ்சத் தள்ளுவார், கை நீண்டுடும், சக்தி அரை நிமிஷத்துல தீந்துடும். தெரிஞ்ச ஆள் முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு, ஒரு பக்கமா திரும்பி, பாதத்த ஊனி இடுப்பப் பின்னால நகர்த்தி, கிடைச்ச இடைவெளியில முழங்காலச் சொருகுவார். கிளாஸ் ஆரம்பத்துல தரையில நீளத்துக்கு இடுப்ப நகர்த்திக்கிட்டே போகச் சொல்றாங்கள்ல, அது வார்ம்-அப் மட்டும் இல்ல, அதுதான் இது.

எந்திரிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு, நான் புது ஆளுங்களுக்கு முதல்ல காட்டச் சொல்றது அதத்தான். உக்காந்த நிலையில வலது கைய முதுகுக்குப் பின்னால ஊனிக்கோங்க, இடது பாதத்தப் பிட்டத்துக்குக் கிட்ட தரையில பதிச்சுக்கோங்க, இடது கை முகத்துக்கு முன்னால தடுப்பா இருக்கட்டும், வலது கால் எதிராளிய எட்டி நிறுத்தறதுக்கு. அந்தக் கையையும் இடது பாதத்தையும் வச்சு இடுப்பத் தூக்கி, வலது கால உடம்புக்கு அடியில உருவிப் பின்னால கொண்டுபோய் வச்சு எந்திரிங்க, பார்வை எதிராளி மேலயே இருக்கணும். நிமிர்ந்ததும் ரெண்டடி பின்னால, அப்புறம் வெளிய போற வழி. போட்டிக்குப் பழகறவங்க பலர் இத மறந்துடறாங்க, ஏன்னா போட்டியில எந்திரிச்சு ஓடறதுக்குப் பாயிண்ட் இல்ல. எனக்கு ஜியு-ஜிட்சு மேல இருக்கற ஒரே வருத்தம் இதுதான். நீங்க தற்காப்புன்னு கேட்டதால சொல்றேன், ஒவ்வொரு ரோல்லயும், அதாவது ஜோடியா மோதிப் பழகற சுத்துலயும், ஒரு தடவையாவது எந்திரிக்கப் பாருங்க.

கேள்விக்குறி

ஓடணும்னு நேரடியா சொன்னதுக்கு நன்றி. நான் பாத்த பல பேர் கத்திய வெறுங்கையால பிடுங்கறத சொல்லித் தர்றாங்க, அதனாலதான் கேட்டேன்.

மாடிவீட்டு_நிலா

பொண்ணுங்க யாராவது இந்த இழையப் படிச்சா அவங்களுக்காக எழுதறேன். நான் ஜியு-ஜிட்சு பழகறேன், கிளாஸ்ல பாதிக்கு மேல என்னைவிட எடை கூடினவங்க. பலம் வேணாம் டெக்னிக் போதும்னு விளம்பரத்துல போடறத நம்பிட்டு வராதீங்க. பலமும் எடையும் கண்டிப்பா வேலை செய்யும். டெக்னிக் அந்த வித்தியாசத்தக் குறைக்கும், தெரியாத ஆள்கிட்ட ரொம்பவே குறைக்கும்.

எனக்கு இது முக்கியமா பட்டதுக்குக் காரணம், பொண்ணுங்க எந்த நிலைய நினைச்சு பயப்படறோமோ அதுலேருந்துதான் இந்தக் கலை ஆரம்பிக்குது. நாம கீழ, ஒரு ஆள் மேல, மணிக்கட்டு அழுத்திப் பிடிச்சிருக்கு. மத்த இடத்துல அது தோத்துப்போன நிலை, இங்க அது பாடத்தோட முதல் பக்கம். மேல உக்காந்திருக்கறவன் ஒரு கைய நம்ம நெஞ்சுலயோ கழுத்துலயோ வச்சிருக்கான்னு வச்சுக்கோங்க. அந்தக் கைய மணிக்கட்டுலயும் முழங்கைக்கு மேலயும் பிடிச்சு நெஞ்சோட கட்டிக்கணும், அதே பக்கத்துல அவன் பாதத்த நம்ம பாதத்தால வெளிப்பக்கமா பூட்டிக்கணும், இப்ப அந்தப் பக்கம் ஊனறதுக்கு அவனுக்குக் கையும் இல்ல காலும் இல்ல. குதிகாலப் பிட்டத்துக்குக் கிட்ட இழுத்து இடுப்ப வானத்தப் பாத்துத் தூக்கி, தூக்கினதுக்கு அப்புறம் அந்தத் தோள் பக்கமா புரளணும். நேரா பக்கவாட்டுல புரளப் பாத்தா நகராது, முதல்ல மேல, அப்புறம் பக்கவாட்டு. மூட்டைய லாரியிலேருந்து சரிக்கற மாதிரி, ஒரு பக்கம் முட்டு எடுத்துட்டா எடையே அத விழ வச்சிடும்.

சேர்றதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது: வேற பொண்ணுங்க இருக்காங்களா, பொண்ணுங்க யாராவது மேல் பெல்ட் வரைக்கும் போயிருக்காங்களா. ஒருத்தர் கூட ரோல் பண்ண மனசில்லன்னா வேணாம்னு சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, நல்ல கோச் ஏன்னு கேக்க மாட்டார். யாராவது எல்லை மீறினா கோச்கிட்ட சொல்லுங்க, அவர் மழுப்பினார்னா அந்த இடத்த விட்டு அன்னைக்கே கிளம்பிடுங்க.

இப்போன்

அருமையா எழுதியிருக்கீங்க அக்கா. இதையும் சேர்த்துக்கலாம், ஜூடோவுல பெண்களுக்கு 1992 ஒலிம்பிக்ஸ்லேருந்து பதக்கப் போட்டி இருக்கு. 2008ல வெண்கலம் வாங்கின ரோண்டா ரௌசி அப்புறம் யூஎஃப்சியில ஆர்ம்பார்ங்கற முழங்கைப் பூட்ட வச்சே பேர் எடுத்தாங்க, அந்த ஆர்ம்பார் ஜூடோவுல பழகினதுதான்.

மூட்டுவைத்தியம்

நான் பிசியோதெரபி பாக்கறேன், மேட்லேருந்து வர்ற ஆளுங்கள நிறையப் பாக்கறேன், இந்த வயசுல உடம்பு தாங்குமான்னு கேட்டதுக்கு வர்றேன். சின்னச் சின்ன அடி நிச்சயம் படும். விரல் மூட்டு வீக்கம், விலாவுல வலி, கழுத்துப் பிடிப்பு, இதெல்லாம் சகஜம். நான் பயப்படறது முழங்காலுக்கும் கழுத்துக்கும்தான்.

முழங்கை பூட்டுல வலி முன்னாடியே வந்து எச்சரிக்கும், தட்ட நேரம் கிடைக்கும். ஹீல் ஹூக்னு குதிகாலத் திருப்பற பூட்டு அப்படி இல்ல, குதிகாலத் திருப்பினா திருகல் போய் இறங்கறது முழங்கால்ல, வலி தெரியறப்ப தசைநார் ஏற்கெனவே போயிருக்கும். அதனாலதான் கிங்கற தடிச்ச பயிற்சி உடுப்பு போட்டு ஆடற போட்டிகள்ல அது தடை, அந்த உடுப்பு இல்லாம ஆடற நோ-கியிலயும் பெரிய அமைப்பு மேல் பெல்ட்காரங்களுக்கு மட்டும்தான் விடுது. புது ஆள் கால் பூட்டுக்குள்ள மாட்டினா பிடி இறுகற வரைக்கும் காத்திருக்காதீங்க, மாட்டிட்டோம்னு தெரிஞ்ச உடனே தட்டுங்க, திமிறிப் புரளாதீங்க. கால்களால கத்தரி போட்டு விழ வைக்கற வித்தையும் இதே வகைதான், 1980ல யமாஷிடா மாதிரி பெரிய ஜூடோ வீரருக்கே அதுல கால் எலும்பு முறிஞ்சுச்சு, அது அப்புறம் தடையாச்சு.

கழுத்துப் பிடி பத்தி எல்லாரும் பயப்படறாங்க. சரியா போட்ட கழுத்துப் பூட்டு மூச்சுக்குழாய நெரிக்கறதில்ல, கழுத்தோட ரெண்டு பக்கமும் இருக்கற ரத்தக்குழாய அழுத்துது, பத்து விநாடி முன்ன பின்ன நினைவு தப்பும். வலி பெருசா இருக்காது, அதுதான் சிக்கல், வலிக்கலயேன்னு பொறுத்துக்கிட்டே இருந்தா தெரியாமலே நினைவு தப்பிடுவீங்க. காதுல இரைச்சலோ பார்வை ஓரத்துல இருட்டோ வந்தா அதுக்கு முன்னாடியே தட்டியிருக்கணும்னு அர்த்தம். ரத்த அழுத்தம், இதயப் பிரச்சனை, முன்னாடி பக்கவாத அறிகுறி இருந்தவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. பயிற்சிக்கு அப்புறம் புதுசா கடுமையான கழுத்து வலி, தலைசுத்தல், பார்வை மங்கல், கை மரத்துப் போறது எது வந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

காது வீங்கி கொழகொழன்னு இருந்தா தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டியிருக்கு. சில நாளுக்குள்ள டாக்டர் அத எடுத்து அழுத்திக் கட்டுப் போட்டா காது பழையபடி ஆகும், விட்டா அப்படியே இறுகிடும், பிறகு ஆபரேஷன்தான். வீட்ல ஊசி வச்சுக் குத்தாதீங்க, கிருமி போயிடும்.

தோல் விஷயம் யாரும் பேச மாட்டாங்க, ஆனா இதுதான் அதிகம் வருது. படர்தாமரை ஒருத்தருக்கு வந்தா ஒரு வாரத்துல பாதி கிளாஸுக்கு வந்துடும். வட்டமா சிவந்து ஓரம் மட்டும் தடிப்பா அரிச்சா அதுதான், குணமாகற வரைக்கும் மேட்டுக்குப் போகாதீங்க. சூடா வலியோட வீங்கற கட்டியா இருந்தா பாக்டீரியாவா இருக்கலாம், கடைக் களிம்பு போட்டு ஓட்டாதீங்க. உதட்டோரக் கொப்புளம் இருந்தாலும் அன்னைக்கு லீவு. பயிற்சி முடிஞ்ச கையோட சோப்பு போட்டுக் குளிங்க, ஒரு தடவ போட்ட கியத் துவைக்காம மறுபடி போடாதீங்க, நகத்த வெட்டிட்டுப் போங்க, மேட்ட விட்டு இறங்கினா செருப்பு. பாத்ரூமுக்கு வெறுங்காலோட போயிட்டு அப்படியே மேட்ல ஏறறவங்க இருந்தா தயங்காம சொல்லுங்க.

புதுவரவு_33

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பாக்கவே இல்ல. மூணு இடத்துலயும் போய்ப் பாத்துட்டு ஜியு-ஜிட்சுல சேந்துட்டேன், அங்க வாரத்துல ஒரு கிளாஸ் முழுக்க நின்னுக்கிட்டு பழகறதுதான், நாப்பது தாண்டினவங்களும் நிறைய பேர் இருக்காங்க. இன்னும் சில கேள்வி. வாரத்துல எத்தன நாள் போகலாம்? கியா நோ-கியா? நீல பெல்ட் வர எவ்வளவு நாளாகும்? ரோல் பண்றப்ப ஒண்ணுமே ஞாபகம் வர மாட்டேங்குது, எல்லாரும் என்னய அமுக்கிட்டே இருக்காங்க, இது எவ்வளவு நாளைக்கு?

தரைப்பிடி

வாழ்த்துக்கள் ப்ரோ. ஆரம்பத்துல வாரத்துக்கு ரெண்டு நாள், உடம்பு பழகினதும் மூணு. தினமும் போய் ரெண்டு மாசத்துல முட்டிய உடைச்சுக்கிட்டு நின்னவங்கள விட, ரெண்டு நாள் போய் அஞ்சு வருஷம் நீடிச்சவங்கதான் நல்லா வர்றாங்க.

பெல்ட் பத்தி, வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்புன்னு வரிசை. நீலம் எப்பன்னு கோச்தான் முடிவு பண்ணுவார், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போறவங்களுக்கு ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகும். அதுக்கு மேல சர்வதேசக் கூட்டமைப்பு குறைஞ்சபட்சக் காலம் வச்சிருக்கு, பெரியவங்களுக்கு நீலத்துல 2 வருஷம், ஊதாவுல ஒன்றரை, பழுப்புல 1. நிஜத்துல கருப்புக்குப் பத்து வருஷம் போல ஆகும். அதனால பெல்ட்ட நோக்கி ஓடாதீங்க, ஓடினா நீலம் வாங்கினதும் நின்னுடுவீங்க, அப்படி நின்னவங்க ரொம்பப் பேர்.

அமுக்கறாங்கன்னு வருத்தப்படாதீங்க, அந்தக் காலம் வீண் இல்ல. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரே ஒரு வேலைய மட்டும் வச்சுக்கோங்க. இந்த வாரம் பக்கவாட்டுப் பிடியிலேருந்து முழங்காலச் சொருகறது மட்டும், தோத்தாலும் அதுலேயே தோத்துப் போங்க. முழங்கைய விலாவோட ஒட்டி வைங்க, தாடையக் கீழ வைங்க, மூக்கால மூச்சு விடுங்க. மூச்சு வாங்கி வாய் திறந்தாலே பலத்த தப்பான இடத்துல போட்டுட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

கிராஸ்ஃபேஸ்

கியா நோ-கியான்னா ரெண்டும். கியில பிடி நிக்கும், வேகம் குறையும், தப்பிக்கறத ஒழுங்கா கத்துக்குவீங்க, வெளிய சட்ட ஜாக்கெட் போட்ட ஆள்கிட்டயும் உதவும். நோ-கியில வியர்வைல வழுக்கும், மல்யுத்தம் தானா உள்ள வரும். ஒண்ணுதான் முடியும்னா எந்த நேரத்து கிளாஸுக்கு உங்களால விடாம போக முடியுமோ அது.

மாடிவீட்டு_நிலா

தட்டறது பத்தி ஒண்ணு, கை மாட்டிக்கிட்டா வாயால சொல்லுங்க, "டேப்"னு சத்தமா. காலாலயும் தரையத் தட்டலாம். எதிராளி தட்டின மாதிரி லேசா தோணினாலும் விட்டுடுங்க, உறுதிப்படுத்திக்கிட்டு விடலாம்னு நிக்காதீங்க.

மூட்டுவைத்தியம்

வெளிய பயன்படுத்தறதப் பத்தியும் சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல. கழுத்துப் பூட்டுல எதிராளி தளர்ந்துட்டா அந்த நொடியே விடணும். அதுக்கு மேல பிடிச்சா மூளைக்கு ரத்தம் போகாம உயிரே போகும். விட்டதும் மூச்சு இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. தற்காப்புக்குச் சட்டம் தர்ற உரிமை ஆபத்து இருக்கற வரைக்கும்தான், ஆள் அடங்கினப்புறம் செய்யறது தற்காப்புல சேராது. முடிஞ்ச இடத்துலெல்லாம் கழுத்த விட்டுட்டு மேல முழங்கால் வச்சு அமுக்கிப் பிடிக்கறதோட நிறுத்துங்க. அந்த நிலையில தலை நிமிர்ந்து இருக்கும், வேற யாராவது வர்றாங்களான்னு பாக்கலாம், வேணும்னா எந்திரிச்சுப் போகலாம்.

இப்போன்

ஆள மல்லாத்தி அமுக்கி வைக்கறத ஜூடோவுல அமுக்குப் பிடின்னு தனியாவே பழகறோம், 20 விநாடி பிடிச்சா இப்போன். யாருக்கும் எதுவும் உடையாம ஒரு ஆள அடக்கி வைக்கறதுக்கு இதவிட நல்லது கிடையாது. ஜியு-ஜிட்சு கிளாஸ்ல சப்மிஷன், அதாவது பூட்டுப் போட்டுத் தட்ட வைக்கறது, மேலயே கண்ணா இருக்கறதால இத அவசரமா கடந்து போயிடறாங்க.

தரைப்பிடி

அது உண்மை, ஏத்துக்கறேன். நெஞ்சோட நெஞ்ச ஒட்டி எடைய இறக்கி எதுவுமே செய்யாம பிடிச்சு வைக்கறத மட்டும் ஒரு ரவுண்டு பழகச் சொல்லணும். புது ஆளுங்களுக்கு அடுத்த பிடிக்குத் தாவற அவசரத்துலதான் இடம் போயிடுது.

புதுவரவு_33

சில மாசம் கழிச்சு வர்றேன். இன்னும் அமுக்குறாங்க, ஆனா இப்ப என்ன நடக்குதுன்னு புரியுது, முழங்கால் சொருகறது எடை கூடின ஆள்கிட்டயும் சில நேரம் வேலை செய்யுது. கோச் அடுத்த போட்டிக்கு வெள்ளை பெல்ட் பிரிவுல பேர் குடுக்கச் சொல்றார். விதியெல்லாம் எப்படி, எடை குறைக்கணுமா?

தரைப்பிடி

பேர் குடுத்துடுங்க. பாயிண்ட் கணக்கு சுருக்கமா: கீழ தள்ளினா 2, கீழேருந்து புரட்டி மேல வந்தா 2, வயித்து மேல முழங்கால் வச்சா 2, கால் தடுப்பக் கடந்து பக்கவாட்டுக்குப் போனா 3, மேல ஏறி உக்காந்தாலோ முதுகப் பிடிச்சு ரெண்டு காலையும் கொக்கி போட்டாலோ 4. எதுவா இருந்தாலும் 3 விநாடி நிலையா பிடிச்சாதான் பாயிண்ட். வெள்ளை பெல்ட்டுக்கு 5 நிமிஷம். அஞ்சு நிமிஷம்தானேன்னு நினைப்பீங்க, முதல் ரெண்டு நிமிஷத்துலயே முன்னங்கை கல்லாயிடும், அதனால பிடிய எப்பவும் இறுக்கியே வைக்காதீங்க, இழுக்கறப்ப மட்டும் இறுக்குங்க. குதிச்சுக் கால இடுப்புல மாட்டறது வெள்ளை பெல்ட்டுக்குத் தடை. தூக்கித் தரையில அறையறது எந்தப் பெல்ட்லயும் கூடாது, உடனே வெளிய அனுப்பிடுவாங்க.

எடை விஷயத்துல கவனமா இருங்க. சில விளையாட்டுல போட்டிக்கு முந்தின நாளே எடை பாப்பாங்க, தண்ணிய வத்த வச்சு எடையக் குறைச்சுட்டு ராத்திரி சாப்பிட்டுத் தேறிக்குவாங்க. கூட்டமைப்பு விதிப்படி நடக்கற ஜியு-ஜிட்சு போட்டியில மேட்ல ஏறறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எடை, அதுவும் கி போட்டுக்கிட்டே. தண்ணி குடிக்காம வந்தா அப்படியேதான் மோதணும், முதல் போட்டிக்கு அது வேண்டவே வேணாம். இப்ப இருக்கற எடையிலயே, கியோட நின்னு பாத்துட்டு, எந்தப் பிரிவு வருதோ அதுல பேர் குடுங்க. எல்லைக்கு ரொம்பக் கிட்டன்னா மேல் பிரிவுக்குப் போயிடுங்க. கி வெள்ளை, நீலம், கருப்பு இந்த மூணு நிறத்துலதான் விடுவாங்க, வேற நிறம் வாங்கியிருந்தா இப்பவே பாத்துக்கோங்க. 30லேருந்து ஆரம்பிக்கற மாஸ்டர் 1 பிரிவுல சேருங்க, வயசுக்கேத்த ஆளுங்க வருவாங்க.